முதல் கரண்டி

யாருக்குச் சோறு போட்டாலும் அக்கா முகத்தைப் பார்க்க மாட்டாள். நீல விளிம்பு போட்ட பீங்கான் தட்டைக் கை நீட்டிக் கொடுப்பாள். கண் மட்டும் தரையிலோ, வேலிக் கம்பியிலோ, பக்கத்து வீட்டுக் கோழியின் மேலோ இருக்கும். வாங்குகிறவர் வாங்கியதும் சட்டென்று திரும்பி உள்ளே போய்விடுவாள். முதல் தடவை அந்தத் தட்டை வாங்கியபோது, இவளுக்கு எவ்வளவு திமிர் என்றுதான் நினைத்தேன். பிச்சை போடுகிறவள்கூட முகத்தைப் பார்த்துப் போடுவாள், இவள் என்ன பெரிய மகாராணியா என்று என் வீட்டுக்காரரிடம் பொருமினேன். அவர் வாய் நிறைய மரவள்ளிக்கிழங்கோடு, "மூஞ்சியப் பாக்கலன்னா என்ன, கிழங்கு நல்லா வெந்திருக்கு பாரு," என்றார்.

அது ஜப்பான்காரன் காலம். இப்போது நெடுஞ்சாலையும் அலுவலகங்களுமாக இருக்கிற ஆயர் குரோ பக்கம் அன்று முழுக்க ரப்பர் காடு. அங்கே ஒரு தோட்டத்தில் என் வீட்டுக்காரர் பால் மரம் சீவிக்கொண்டிருந்தார். ஜப்பான்காரன் வந்தான், துரை ஓடினார், மரம் சீவ ஆள் வேண்டாம் என்று ஆயிற்று. கைக்குழந்தையோடு மலாக்கா டவுனுக்கு நடந்து வந்து, காஜா பெராங்கில், செட்டி கம்பம் என்ற குடியிருப்புக்குப் பின்னால் இருந்த பலகை வீட்டு வரிசையில் ஒண்டினோம். அடுத்த வீடு அக்காவுடையது. அவளும் அவள் மகனும்தான். புருஷன் சண்டைக்கு முன்பே செத்துப்போயிருந்தார்.

அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிட்டார்கள். என்னைவிட இருபது வயதாவது மூத்தவள், முறைப்படி நான் பெரியம்மா என்று அழைத்திருக்க வேண்டும். வரிசை வீட்டில் முறையை யார் பார்த்தார்கள்? அவள் மகன் என்னை அண்ணி என்றான், நான் அவன் அம்மாவை அக்கா என்றேன், அதனால் ஒருவருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை. செட்டி கம்பத்துப் பெண்கள் அவளை மக் பிங்கான் என்றார்கள். தட்டுக்கார அம்மா என்று அர்த்தம். அவர்களும் நம்மைப் போல நெற்றியில் திருநீறு பூசுகிறவர்கள்தான், ஆனால் வாயைத் திறந்தால் மலாய்தான் வரும்.

அந்தப் பெயர் சும்மா வரவில்லை. சமைத்து இறக்கியதும் அக்கா முதல் கரண்டியை அந்த நீல விளிம்புத் தட்டில் போடுவாள். தட்டோடு வாசலுக்கு வருவாள். "பசியோட யாராச்சும் இருக்கீங்களா?" என்று தமிழில் ஒரு தரம், "சியாப்பா லாப்பார்?" என்று மலாயில் ஒரு தரம் குரல் கொடுப்பாள். பசி இல்லாதவர் யார் அன்று இருந்தார்கள்? யாராவது வருவார்கள். வரவில்லையென்றால் தெருமுனை வரைக்கும் தட்டைத் தூக்கிக்கொண்டு இவளே போவாள். கொடுத்துவிட்டு வந்த பிறகுதான் வீட்டு ஆளுக்கு. சண்டைக்கு முன் அவள் இடியாப்பம் அவிக்க, மகன் சைக்கிளில் "புட்டு மாயம்" என்று அதன் மலாய்ப் பெயரைக் கூவி விற்றுவந்தானாம். அப்போதும் முதல் தட்டு இடியாப்பம் விற்பனைக்குப் போகாதாம். இப்போது மாவு ஏது, தேங்காய் ஏது? கொல்லையில் நட்ட மரவள்ளி, சாக்கடை ஓரத்துக் கங்கோங் கீரை, எப்போதாவது ஒரு கருவாட்டுத் தலை. இதிலும் முதல் கரண்டி வெளியே போயிற்று.

அவள் மகனுக்கு வாய் அதிகம். அம்மா வாசலில் நின்று கூப்பிடும்போது உள்ளேயிருந்து, "லாப்பார் நானு! நான்தான் லாப்பார்!" என்று கத்துவான். "இந்த வீட்டுல சோறு வேணும்னா பிறத்தியானா பொறந்திருக்கணும் அண்ணி. பெத்த பிள்ளையா பொறந்து ஏமாந்துட்டேன்," என்று என்னிடம் அழாத குறையாகச் சொல்வான். முகம் சிரித்துக்கொண்டிருக்கும்.

பிறத்தியான் என்பது அவன் கண்டுபிடித்த சொல் இல்லை. அது அக்காவின் சட்டம்.

அக்கா வேதக்காரி, ஏசு சாமியைக் கும்பிடுகிறவள். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கோயிலில் சின்ன வயதில் காதால் கேட்டுப் பாடம் பண்ணியதைத் தினம் காலையில் சொல்வாள். அதில் பத்துக் கற்பனை என்று ஒன்று வரும். கற்பனை என்றால் எனக்குத் தெரிந்தது கதை கட்டுவதுதான். சாமியின் கட்டளையை வேதக்காரர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அவள்தான் விளக்கினாள். பத்தையும் சுருக்கினால் இரண்டாகிவிடும் என்றும், அந்த இரண்டாவதில் பிறரை நேசிக்கச் சொல்லியிருக்கிறது என்றும் சொன்னாள். அந்தப் "பிறர்" என்ற சொல்லை அவள் பிடித்துக்கொண்ட விதம்தான் வேறு யாருக்கும் வராது.

"பிறர்னா யாரு? பிறத்தியாரு. நம்ம ஆளுங்க இல்லாதவங்க. நம்ம ரத்தம் இல்ல, நம்ம சாமி இல்ல, நம்ம சாதி இல்ல. அவங்களத்தான் சொல்லியிருக்கு. பெத்த பிள்ளைய நேசின்னு சாமி மெனக்கெட்டு வந்து சொல்லணுமா? அது நாய் பூனைக்கே தெரியுமே."

ஞாயிற்றுக்கிழமைகளில் உபதேசியார் ஒருவர் வருவார். ஒல்லியான, பொறுமைசாலியான மனிதர். என் எதிரிலேயே அவளைத் திருத்தப் பார்த்தார். "அப்படி இல்லம்மா. பிறர்னா எல்லாரும். உன் மகனும் அதுல சேத்திதான். மொதல்ல வீட்டுல இருக்கிறவனுக்குப் போட்டுட்டு அப்புறம் வெளிய குடு, பாவம் இல்ல," என்றார். அக்கா தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எல்லாரும்னா எல்லாரும்னே சொல்லியிருக்கலாமே ஐயா? சாமிக்கு என்ன வார்த்தைக்கா பஞ்சம்?" என்று கேட்டாள். உபதேசியார் என்னைப் பார்த்தார். நான் அம்மனைக் கும்பிடுகிறவள், என்னிடம் என்ன உதவி கிடைக்கும்? எழுந்து புறப்பட்டார். போகும்போது அவர் கையிலும் அந்தத் தட்டு கொடுக்கப்பட்டது. கிழங்கை நின்றுகொண்டே தின்றார்.

எங்கள் வரிசைக்கு எதிரே ஒரு சீனர் மளிகைக் கடை வைத்திருந்தார். ஜப்பான்காரன் வந்த புதிதில் அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், திரும்பவில்லை. அவர் மனைவி கடைப் பலகைகளை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். அந்தப் பக்கம் போவதற்கே எல்லாருக்கும் பயம். யார் யாரோடு பேசுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வதற்கென்றே ஆட்கள் திரிந்தார்கள். அக்கா அதே தட்டோடு நட்டநடு மத்தியானத்தில் தெருச் சடக்கைக் கடந்து போய்ப் பலகையைத் தட்டுவாள். இடுக்கில் ஒரு கை வந்து வாங்கிக்கொள்ளும். வரிசை வீட்டு ஆண்கள் பயந்துபோய் மகனிடம் வந்து, உன் அம்மாவை அடக்கி வை, எல்லாரையும் மாட்டிவிடப் போகிறாள் என்றார்கள். அவன், "நீங்களே போய்ச் சொல்லிப் பாருங்க. ஆனா சாப்பாட்டு நேரத்துல போகாதீங்க, தட்டுக் குடுத்துருவாங்க," என்றான்.

அந்தச் சீனத்தி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு நாள் தட்டு திரும்பி வந்தபோது அதில் ஒரு பிடி உப்பு இருந்தது. உப்பைக் கண்ணால் பார்த்து அப்போது எவ்வளவோ காலமாகியிருந்தது. நான் ஓடிப்போய் ஒரு கல்லை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டேன். அக்கா மிச்சத்தை இலையில் பிரித்து வரிசையின் கோடி வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். "உப்புக்குமா முதல் கரண்டி!" என்று மகன் தலையில் அடித்துக்கொண்டான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இன்றைக்கும் அந்த உப்பை நினைத்தால் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்வானேன்.

பிறகு அந்த அரிசி நாள் வந்தது. எங்கள் பழைய தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் ஜப்பான்காரனோடு சேர்ந்துகொண்டு, கையில் துணிப்பட்டை கட்டித் திரிந்தான். அவன் வீடு வீடாக வந்து, திடலில் அரிசி கொடுக்கிறார்கள், ஆம்பிளைகள் நேரில் வந்தால்தான் தருவார்கள் என்று சொன்னான். என் வீட்டுக்காரரைத் தோள்மேல் கை போட்டு, "அண்ணே, மறக்காம வாங்க. பெரிய சாக்கா எடுத்துட்டு வாங்க," என்றான். எங்களிடம் சாக்கு இல்லை. அக்காவிடம் ஒன்று இருந்தது. அக்கா மகனும் என் வீட்டுக்காரரும் அந்த ஒரு சாக்கை ஆளுக்கொரு முனை பிடித்துக்கொண்டு, பாதிப் பாதி என்று பேசிச் சிரித்தபடி போனார்கள். திடலைச் சுற்றி லோரிகள் நின்றிருந்தன. வந்த ஆண்கள் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். சயாமுக்கு, ரயில் பாதை போட.

செய்தி கேட்டு அக்கா திடலுக்கு ஓடினாள். நான் காய்ச்சலில் கிடந்த பிள்ளையோடு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்தபோது முழங்கால் வரை சேறு. கையில் மகனுடைய ஒற்றைச் செருப்பு. நேராக உள்ளே போய் அடுப்பை மூட்டினாள். கொஞ்ச நேரத்தில் வாசலில் அந்தக் குரல் கேட்டது. பசியோடு யாராவது இருக்கிறீர்களா என்று அதே மாதிரி, ஒரு சொல் கூடாமல் குறையாமல். அன்றைக்கு அவளை நான் வெறுத்தேன். இவள் கல்லா, இவளுக்கு நெஞ்சு என்று ஒன்று இருக்கிறதா என்று பல்லைக் கடித்தேன்.

ஆனால் அவள்தான் எங்களைக் காப்பாற்றினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தட்டியைப் பிடுங்கி அடுப்பில் வைத்து எரித்தாள். "இனிமே ஒரு அடுப்பு போதும்," என்றாள். என் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே கிழங்கு தோண்டினாள். சின்னப் பிள்ளைகளுக்கு வரிசை கிடையாது என்பது அவள் சட்டத்தில் ஒரு சலுகை. கொதிக்கிற பானையிலிருந்தே என் மகளுக்கு ஊதி ஊதி ஊட்டுவாள். எனக்குத்தான் தலைகீழாகிவிட்டது. அடுத்த வீட்டுக்காரியாக இருந்தபோது அவள் வீட்டு முதல் கரண்டியைத் தின்றவள் நான். இப்போது அவளோடு உட்கார்ந்து பானையைச் சுரண்டினேன்.

"இது என்னக்கா நியாயம்?" என்று ஒரு நாள் கேட்டே விட்டேன். "பிறத்தியா இருந்தப்ப வயிறார சாப்பிட்டேன். சொந்தமானதும் பட்டினி போடுறீங்க."

அவள் சிரித்தாள். மகன் போன பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு அது. "நீ இப்ப நம்ம வீட்டுப் பொண்ணுடி. உன்னை எனக்குத் தானா பிடிக்குது. தானா பிடிக்கிறதுக்குச் சட்டம் எதுக்கு? எங்க மனசு வர மாட்டேங்குதோ, எங்க போகக் கஷ்டமா இருக்கோ, அங்க போறதுக்குத்தான் சட்டம்."

பேச்சோடு பேச்சாக, முகத்தைப் பார்க்காமல் ஏன் கொடுக்கிறாள் என்பதையும் கேட்டேன்.

"பாத்தா யாருன்னு தெரிஞ்சிரும்," என்றாள். "யாருன்னு தெரிஞ்சா மனசு பேச ஆரம்பிச்சிரும். இவன் நல்லவனா, அன்னிக்கு என்னை என்ன சொன்னான், இவனுக்குக் குடுத்தா நாளைக்கு நமக்கு ஆவானா... கரண்டி அந்தரத்துலயே நிக்கும். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லடி. அதான் பாக்கிறதில்ல."

ஜப்பான்காரன் தோற்ற செய்தி வந்தது. வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. அந்த இடைப்பட்ட நாட்களில் ஊர் யார் கையிலும் இல்லை. ஜப்பான்காரனை எதிர்த்துக் காட்டுக்குப் போயிருந்தவர்கள் துப்பாக்கியோடு இறங்கி வந்து சந்திகளில் நின்றார்கள். ஜப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவர்களைத் தேடினார்கள். அகப்பட்டவர்கள் வீடு திரும்பவில்லை.

ஒரு மத்தியானம் அக்கா தட்டோடு வாசலுக்குப் போய்க் குரல் கொடுத்தாள். முன்பக்கம் யாரும் இல்லை. கொல்லைப் பக்கம், விறகு அடுக்கியிருந்த இடத்திலிருந்து, "இருக்கேம்மா," என்று ஒரு ஈனக் குரல் வந்தது. அக்கா ஒரு கணம் நின்றாள். பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு போனாள். நான் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன். விறகுக்குப் பின்னால் குந்தியிருந்தவன் அந்தக் கிராணி. சட்டை கிழிந்து, கண் உள்ளே போயிருந்தது. அக்கா வேலியைப் பார்த்தபடி தட்டை நீட்டினாள்.

எனக்கு உடம்பில் தீ வைத்த மாதிரி இருந்தது. "அக்கா!" என்று கத்திக்கொண்டு வெளியே வந்தேன். "மூஞ்சியப் பாருங்க! யாருக்குக் குடுக்கிறீங்கன்னு ஒரு தடவை கண்ணத் தொறந்து பாருங்க! நம்ம ஆளுங்கள லோரியில ஏத்துனவன்!"

அவள் திரும்பவில்லை. "குரல் கேட்டதுமே தெரியும்," என்றாள். "அதனாலதான் பாக்கல. பாத்திருந்தா கொதிக்கிற கஞ்சிய அவன் மூஞ்சியில ஊத்தியிருப்பேன்."

கஞ்சி தட்டின் விளிம்பில் வழிந்து அவள் விரலைச் சுட்டிருக்கும். அவன் தட்டை வாங்கிக்கொண்டு, "அம்மா, உங்க மகன்... நான் வேணும்னு..." என்று ஆரம்பித்தான். "சாப்பிடும்போது பேசாதப்பா," என்றாள் அக்கா.

"நான் சந்திக்குப் போறேன். அவங்ககிட்ட சொல்லத்தான் போறேன்," என்றேன். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்தேன்.

"சொல்லிக்க. உன் புருஷன் போயிருக்கான், உனக்கு அந்த நியாயம் இருக்கு. அவன் சாப்பிட்டு முடிக்கட்டும்." பிறகு வேலியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "என் பிள்ளை இப்ப எந்த ஊர்ல எவ வீட்டு வாசல்ல நிக்கிறானோ. அங்க அவன் பிறத்தியான்டி. உன் புருஷனும்தான். அவ கரண்டியோட யோசிச்சுக்கிட்டு நின்னா என்ன ஆகும்?"

நான் சந்திக்குப் போனேன். போனது உண்மை. சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். துப்பாக்கி வைத்திருந்தவர்களில் ஒருவன் தமிழன், என் தம்பி வயதுதான் இருக்கும். "என்னக்கா வேணும்?" என்று கேட்டான். அவன் காலைப் பார்த்தேன். ஒரு காலில் செருப்பு அறுந்து சணலால் கட்டியிருந்தது. எங்கள் வீட்டில் சுவரில் மாட்டியிருந்த அந்த ஒற்றைச் செருப்பு நினைவுக்கு வந்தது. "எங்கயாச்சும் உப்புக் கிடைக்குமான்னு வந்தேன்," என்றேன். அவன் தன் மடியிலிருந்து கொஞ்சம் எடுத்து என் முந்தானையில் போட்டான். திரும்பி வந்தபோது விறகுக்குப் பின்னால் தட்டு மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. அந்தக் கிராணி எங்கே போனான், என்ன ஆனான் என்று எனக்குத் தெரியாது. நான் சந்தியில் சொன்னேனா என்று அக்கா கேட்கவுமில்லை. ஆனால் நான் அவளோடு பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே பானையில் சாப்பிட்டுக்கொண்டு, பேசாமல் இருந்தோம்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். பங்கீட்டு அரிசி கொஞ்சம் கிடைக்கத் தொடங்கியது. சயாமிலிருந்து ஆட்கள் ஒருவர் இருவராக வந்து சேர்கிறார்கள் என்று பேசிக்கொண்டார்கள். அக்கா ஒரு தகர டப்பாவில் கொஞ்சம் அரிசியைத் தனியாக எடுத்து வைத்தாள், மகன் வந்தால் வடிப்பதற்கு. நாங்கள் கிழங்கையே தின்றோம். அந்த டப்பாவின் மேல் மட்டும் அவள் சட்டம் செல்லவில்லை. அவளிடம் நான் கண்ட ஒரே ஓட்டை அதுதான். எனக்கு அது பிடித்திருந்தது.

அன்றும் மத்தியானம். தெருவோரத்தில், ஜம்பு மரத்தடியில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை, இடுப்பில் சாக்குத் துணி, ஒரு காலில் முழங்காலுக்குக் கீழே புண்ணை வாழைச் சருகால் சுற்றியிருந்தது. அக்கா தட்டோடு வாசலுக்கு வந்து குரல் கொடுத்தாள். "அம்மா..." என்றான் அவன். அன்று தெருவில் போகிற பசித்தவன் எல்லாரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அக்கா போனாள். அவன் தலைக்கு மேலே, ஜம்பு மரத்துக் கிளையைப் பார்த்தபடி தட்டை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டதும் திரும்பி நடந்தாள்.

அவன் கிழங்கை முழுக்கத் தின்று முடிக்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவு பசி. அக்கா வாசல் படியில் கால் வைக்கும்போதுதான் சொன்னான்.

"இன்னைக்குத்தாம்மா எனக்கு முதல் கரண்டி கெடச்சிருக்கு."

அக்கா அப்படியே நின்றாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். மெல்லத் திரும்பினாள். கூச்சல் போடவில்லை, ஓடவும் இல்லை. ஒவ்வொரு அடியாக நடந்து போய் அவன் முன்னால் மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் அந்த முகத்தைப் பிடித்துப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "மூஞ்சியப் பாக்கலியே, பாவி, உன் மூஞ்சியப் பாக்கலியே," என்று அவள் வாய் முணுமுணுத்தது. அவன் அவள் மடியில் தலையைச் சாய்த்தான்.

நான் ஓடினேன். "அவரு?" என்று கேட்டேன். "உங்க அண்ணன் எங்க? பின்னாடி வர்றாரா?"

அவன் தலையைத் தூக்கவில்லை. "அண்ணன் வரல அண்ணி," என்றான். "காலரா. முகாம்ல நெறைய பேரு. அண்ணனுக்குத் தண்ணி நான்தான் குடுத்தேன். அந்தச் சாக்கைத்தான் போத்தியிருந்தேன்."



வரிசை வீட்டு ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். செட்டி கம்பத்துப் பெண்கள் வந்தார்கள். கடைப் பலகை திறந்து அந்தச் சீனத்தி வந்து, கையில் ஒரு முட்டையோடு ஓரமாக நின்றாள். சிரிப்பும் அழுகையுமாக வீடு நிறைந்தது. உபதேசியாருக்கு ஆள் போயிற்று. என் மகளை யாரோ தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். நான் கொல்லையில், விறகு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. சயாமுக்கு அனுப்பியவனுக்குச் சோறு போட்டவளுக்கு மகன் வந்துவிட்டான். சந்தி வரைக்கும் போய் வாயை மூடிக்கொண்டு வந்தவளுக்குப் புருஷன் வரவில்லை. இதில் என்ன நியாயம்? இத்தனை வருஷமாக அம்மனிடமும் கேட்டுவிட்டேன், அக்காவின் சாமியிடமும் கேட்டுவிட்டேன்.

உள்ளே டப்பாவைத் திறக்கும் சத்தம் கேட்டது. அரிசி களைகிற சத்தம். சோறு கொதிக்கிற வாசனை வந்தபோது என் வயிறு குரல் கொடுத்தது. அந்த வயிற்றின் மேல் எனக்கு அருவருப்பாக இருந்தது.

காலடிச் சத்தம் கேட்டது. அக்கா எதிரில் நின்றாள். கையில் நீல விளிம்புத் தட்டு. அதில் வெள்ளைச் சோறு, ஆவி பறந்துகொண்டிருந்தது. இந்த வீட்டில் அரிசிச் சோறு வெந்து எவ்வளவோ நாளாகியிருந்தது. உள்ளே அவள் மகன் இன்னும் சாப்பிடவில்லை. "அம்மா," என்று அவன் கூப்பிடுவது கேட்டது. "வர்றேன்யா," என்றாள். ஆனால் நகரவில்லை.

"எனக்கு வேணாம்," என்றேன். "உங்க மகன் வந்துட்டான். போய் அவனைப் பாருங்க."

"அவன்கிட்ட கால் தானா ஓடுது," என்றாள் அக்கா. "உன்கிட்ட வர்றதுதான் இன்னிக்கு எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. என்ன மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? அதான் வந்தேன். இன்னிக்கு இங்க நீ ஒருத்திதான்டி பிறத்தியா உக்காந்திருக்க."

தட்டை நீட்டினாள். தரையைப் பார்க்கவில்லை, வேலியைப் பார்க்கவில்லை. நான் கையை நீட்டி வாங்கும்வரைக்கும் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.